இறந்தவர்களின் செக்ரோல்

அடுத்தவர் பேச்சை மொழிபெயர்ப்பவனுக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு அது எப்போதும் இருந்தது, தேவைக்கு மேலேயே இருந்தது. ஆனால் மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைக் காட்டில் வேட்டையாடிய அவசரகாலத்தில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், இங்கிலீஷ் பேசத் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான். ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. துரை ஆட்களைத் திட்டினால் அதைத் தமிழாக்கிக் கொடுப்பேன். ஆட்கள் பதிலுக்குத் திட்டினால் அதைக் கழுவித் துடைத்து இங்கிலீஷில் துரையிடம் கொடுப்பேன். இரண்டு பக்கமும் என்னை நம்பியது. அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

ஒரே ஒரு நாள் மட்டும் ஒரு சொல்லைக்கூடக் கழுவாமல் அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அப்பா அம்மா போன பிறகு பால் மரம் சீவி என்னைக் கோலசிலாங்கூர் இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். நாங்கள் வேதக்காரக் குடும்பம். அக்கா கட்டிக்கொண்டதோ தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் எதிர் வீட்டில் இருந்த இந்துப் பையனை. மச்சான் நல்ல மனிதர், ஆனால் சோம்பேறி. "வர்ற கிறிஸ்துமசுக்குக் கண்டிப்பா முழுக்கு எடுத்துக்குறேன்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். கிறிஸ்துமஸ் வந்தால், "இந்த மழையில தண்ணிக்குள்ள எறங்கச் சொல்றியா?" என்பார். அக்காவும் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். பிறகு ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். மச்சானும் போனார்.

சண்டை முடிந்ததும் திரும்பி வந்தவர்கள் சில பேர்தான். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மச்சான் வாந்திபேதியில் போய்விட்டதைச் சொன்னார். எங்கே புதைத்தார்கள் என்று அக்கா கேட்டாள். பாதை ஓரக் காட்டில் என்றுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது. அக்கா அதற்கு மேல் அவரிடம் கேட்கவில்லை. கோயில் உபதேசியாரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: நான் செத்த பிறகு அவரைப் பார்ப்பேனா? உபதேசியார் வேதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முழுக்கு வாங்காமப் போனவங்களப் பத்தி நாம ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா" என்றார். அன்றிலிருந்து அக்கா கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஒன்பது வருஷம் அந்தப் பெஞ்சிலேயே அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கப் போதகர் வந்தார். அவருடைய சபையின் பெயரை எழுத மாட்டேன். பெரிய சபைகளுக்கு அதன் பெயரே பிடிக்காது. பத்தாங் பெர்ஜுந்தாய்க் கடைத்தெருவில் ஒரு சீனர் கடையின் மாடியில் வாடகைக்கு அறை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்தினார். சுங்கை பெசார் பக்கமும் அவருக்கு ஒரு வீட்டுக் கூட்டம் இருந்தது. நல்ல உயரம், முகமெல்லாம் சிவப்பு, வெள்ளைச் சட்டை. மொழிபெயர்க்க ஆள் தேடியபோது என்னைக் காட்டிவிட்டார்கள். எனக்கு அந்தச் சபையில் நம்பிக்கை இருந்ததா என்றால், ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தைச் சுற்றிப் போலீஸ் போட்டிருந்த முள்வேலிக்கு வெளியே போக ஒரு பாஸ் கிடைக்கும் என்பதில் நம்பிக்கை இருந்தது. அக்காவும் கூட வந்தாள்.

சபையின் முதல் போதனையே எங்கள் தலையில் இடியாக இறங்கியது. கோப்பி கூடாது, தேத்தண்ணியும் கூடாது. விடியற்காலை கறுப்புக் கோப்பி குடிக்காமல் தோட்டத்தில் ஒரு மரமும் சீவப்படாது என்பது அவருக்குத் தெரியாது. நான் அதை மொழிபெயர்த்தபோது பின்வரிசையில் ஒருவர், "அப்ப நாங்க வேலைக்கும் போகக் கூடாதுன்னு சொல்லிடச் சொல்லுங்க கிராணி" என்றார். பாதிப் பேர் அந்த வாரமே கழன்றுகொண்டார்கள். அக்கா மட்டும் வீட்டுக்கு வந்ததும் கோப்பித் தூள் டின்னை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பத்து நாள் தலைவலியோடு மரம் சீவினாள். எதற்கு இந்தப் பாடு என்று நான் கத்தினேன். "இரு, அந்தாளு இன்னும் என்ன சொல்றாருன்னு பாப்போம்" என்றாள்.

இரண்டாம் மாதம் போதகர் அந்தப் போதனைக்கு வந்தார். ஞானஸ்நானம் வாங்காமல் இறந்தவர்கள் தொலைந்து போனவர்கள் இல்லை என்றார். அவர்கள் ஓரிடத்தில் காத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அவர்கள் பெயரில், அவர்களுக்குப் பதிலாகத் தண்ணீரில் இறங்கினால், அது அவர்களுக்குச் சேரும். இதை மொழிபெயர்க்கத் தொடங்கியவன் பாதியில் நின்றுவிட்டேன். நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று அவரிடமே திரும்பக் கேட்டேன். அவர் அதே சொற்களை மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்போது அவர் முகத்தில் இருந்தது போதகர்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் முகம் இல்லை. சொல்வதை அவரே இப்போதுதான் கேட்பவர் போல நின்றார். சொந்த அபிப்பிராயக்காரனான எனக்கே அன்றைக்கு ஓர் அபிப்பிராயமும் வரவில்லை. சயாம் காட்டில் பெயர் எழுதிய ஒரு கட்டைகூட இல்லாமல் கிடப்பவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னால் யாருக்குத்தான் வரும்?

நான் தமிழில் சொல்லி முடித்ததும் கீழே சீனர் கடையில் அபாக்கஸ் மணிகள் நகர்வது கேட்டது. அக்கா எழுந்து நின்றாள்.

"தம்பி, ஆம்பளைக்கு ஆம்பளதான் முங்கணுமா, கேளு."

கேட்டேன். ஆமாம் என்றார்.

"அப்ப நீதான் முங்கணும்" என்றாள் அக்கா.

செய்தி லயம் முழுக்கப் பரவியது. வந்த கூட்டம் வேதக்காரர்கள் மட்டும் இல்லை. இந்துப் பெண்களும் வந்தார்கள். "திதி குடுக்கவும் வழியில்ல, கரைக்க எலும்பும் இல்ல, எந்தச் சாமி பேர்ல முங்கினா என்ன கிராணி, அவருக்குப் போய்ச் சேர்ந்தாச் சரி" என்று ஒரு அம்மா சொன்னாள். போதகரிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் தன் பென்சிலை என்னிடம் நீட்டி, "பெயர்களை எழுதிக்கொள்" என்றார். இறந்தவரின் பெயரை உறவுக்காரர் வாயால் சொல்ல வேண்டும் என்பது சபையின் ஒழுங்கு. அங்கேதான் சிக்கல் வந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் மனைவிமார். எங்கள் பெண்கள் செத்தாலும் புருஷன் பெயரை வாயில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அவர் ஆயுசு குறையும். அவரே செத்த பிறகு குறைய என்ன இருக்கிறது என்றாலும் எடுக்க மாட்டார்கள். ஒருத்தி கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த சாமி படத்தைக் காட்டினாள். இன்னொருத்தி, "செவ்வாய்க்கு மறுநாள் என்ன நாளு? அதான்" என்றாள். அக்காவும் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த பெயர்தானே, நானே எழுதிக்கொண்டேன். போதகர் கடைசியில், எழுத்தில் இருந்தால் போதும் என்று விட்டுக் கொடுத்தார்.

இப்போது என் அறிவுக்கூர்மையைச் சொல்கிறேன். எனக்குப் பெயர்ப்பட்டியல் என்றால் ஒரே ஒரு மாதிரிதான் தெரியும்: தோட்டத்துச் செக்ரோல். ஆட்கள் வேலைக்கு வந்தார்களா என்று தினமும் பதியும் தாள். அதே தாளில், அதே கோடுகளில், பெயர், தகப்பன் பெயர், லயத்து எண் எல்லாம் அழகாக எழுதினேன். எல்லாரும் வரவேண்டியவர்கள் என்பதால் எல்லாப் பெயருக்கும் நேரே வந்ததாகக் குறி போட்டேன். தலைப்பில், "ஞாயிறு காலை எட்டு மணி, பழைய ஈய லம்பக் குளம்" என்று எழுதி, லோரி டிரைவரிடம் கொடுத்துப் போதகருக்கு அனுப்பினேன்.

கேட்டில் காவல் இருந்த போலீஸ் லோரியைச் சோதித்தது. அரிசி கடத்துகிறோமா, காட்டில் இருப்பவர்களுக்கு மருந்து கொண்டு போகிறோமா என்று சோறு கட்டும் இலையைக்கூட விரித்துப் பார்த்த காலம் அது. அவர்கள் கையில் என் தாள் கிடைத்தது. எழுதியிருந்த லயத்தில் குடியிராத ஆண்கள், அடையாளக் கார்டு இல்லாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆளில்லாத இடத்தில் கூடப் போகிறார்கள். வேறென்ன நினைப்பார்கள்? ஆனால் ஒன்றும் தெரியாத மாதிரி தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு லோரியை விட்டுவிட்டார்கள்.

அந்த ஈயக் குளத்தை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஈயம் தோண்டிய சுரங்கமான லம்பம் மூடிய பிறகு மழைத் தண்ணீர் நிறைந்து, கரையில் வெள்ளை மணல், நடுவில் பச்சையும் நீலமுமாக ஆழம் தெரியாமல் கிடக்கும். அந்த ஞாயிறு காலை அதைப் பார்த்தபோது இத்தனை நாள் எதைப் பார்த்தேன் என்று தோன்றியது. வெயில் மணலில் விழுந்து கண் கூசியது. பெண்கள் கரையில் வெள்ளைப் புடவையிலும் கிடைத்த புடவையிலும் நின்றார்கள்.  போதகர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையை நீட்டினார். முதல் ஆள் நான்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி, மச்சானின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அமெரிக்க நாக்கில் அந்தப் பெயர் கால் முறிந்துதான் வெளியே வந்தது. ஆனாலும் அது மச்சானின் பெயர். ஒன்பது வருஷமாக யாரும் உரக்கச் சொல்லாத பெயர்.

சிறுவயதில் நான் தினமும் மச்சானுக்கு முன்னாலேயே பெரட்டுக் களத்துக்குப் போய்விடுவேன். விடியலில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம் அது. மச்சான் முக்கால்வாசி நாள் தாமதம். வேலை வாங்கும் மண்டோர் அவர் பெயரைக் கூப்பிடும்போது, வரிசைக்குப் பின்னால் இருந்து நான்தான் குரலை மாற்றி "ஐயா!" என்று கத்துவேன். அவருக்கு அரை நாள் சம்பளம் தப்பும். குளத்தில் அந்தப் பெயர் காதில் விழுந்ததும், என்னை அறியாமல், முழுத் தொண்டையில் கத்திவிட்டேன்: "ஐயா!"

அதே நொடியில் போதகர் என்னைத் தண்ணீருக்குள் சாய்த்தார். திறந்த வாய் நிறையக் குளத்துத் தண்ணீர். கீழே பச்சை வெளிச்சம். எவ்வளவு நேரம் என்று தெரியாது, இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். அந்த நேரத்தில் நான் எனக்காக இல்லை, இன்னொருவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பயமும் சந்தோஷமும் சேர்ந்து உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படி ஒன்று எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இருமிக்கொண்டே மேலே வந்தால், எதிரில் துப்பாக்கிகள்.

இடுப்பளவு உயர்ந்த லாலான் புல்லுக்குள் விடியலில் இருந்தே போலீஸ் படுத்திருந்தது. பட்டியலில் உள்ள பெயரைக் கூப்பிட்டதும் ஒருவன் "ஐயா" என்றால் அவர்கள் பாயாமல் என்ன செய்வார்கள்? ஒரு மலாய் இன்ஸ்பெக்டர் பூட்சோடு தண்ணீரில் இறங்கி என் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். தாளைக் காட்டி மலாயில் கேட்டார்.

"இந்தப் பெயர் நீயா?"

"இல்லை துவான், என் மச்சான்."

"அவன் எங்கே?"

"செத்துவிட்டார், துவான். சயாமில்."

அவர் என்னை முறைத்துவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். செத்துவிட்டார் என்றேன். அதற்கடுத்த பெயர். செத்துவிட்டார். ஐந்தாவது பெயரில் அவர் குரல் இறங்கிவிட்டது. "எல்லாருமா?" என்றார். எல்லாரும்தான் என்றேன். கரையில் நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். அவர் வீட்டிலிருந்தும் யாராவது அங்கே போனார்களோ என்னவோ, கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மிச்சத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினார். அந்தப் பட்டியல் முடியும்வரை போலீஸ்காரர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நின்றார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆண் தண்ணீருக்குள் போய் மேலே வந்தார். அதைப் பார்த்த யாரும் அன்றைக்கு அதைக் கேலி பேசியிருக்க முடியாது.

கேலி ஒரு வாரம் கழித்துக் கோலாலம்பூரில் இருந்து வந்தது. செத்தவர்களைப் பிடிக்கப் புல்லில் படுத்திருந்த போலீசைப் பற்றி ஓர் இங்கிலீஷ் பேப்பரில் சின்னச் செய்தி. துரைக்குக் கோபம். போலீஸ் பெரிய அதிகாரிகளுக்கு அதைவிடக் கோபம். ரகசியப் போதனை நடத்தும் கூட்டத்துக்கு எதற்கு அனுமதி என்று பேச்சு அடிபட்டது. கடைசியில், பத்திரிகைக்காரர்களைத் தோட்டத்துக்கே வரவழைத்து, இது ஒழுங்கான சபை, ஜனங்கள் முள்வேலிக்குள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று காட்ட ஏற்பாடு ஆனது. போதகருக்குச் சிங்கப்பூரில் இருந்த அவருடைய மேலிடத்திலிருந்து ஒரு கடிதம். அதில் என்ன இருந்தது என்று எனக்குக் காட்டவில்லை. காரில் வரும்போது அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இன்றைக்கு நான் சொல்வதை மட்டும் சொல். கூட்டாதே, குறைக்காதே" என்றார்.

"உள்ளே சொன்னதையே வெளியேயும் சொல்லப் போகிறீர்களா?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காதே.

"வெளியில் இருப்பவர்களுக்குச் சிலது விளங்காது" என்றார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் துரை, அவர் மனைவி துரைசாணி, இன்ஸ்பெக்டர், ஓர் இங்கிலீஷ் பேப்பர்க்காரர், ஒரு தமிழ்ப் பேப்பர்க்காரர். பின்னால் லயத்து ஜனங்கள். துரைசாணி எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். போதகருக்கும் ஒரு கோப்பையை நீட்டினார். அவர் ஒரு விநாடி தயங்கி வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை, அதை நான் பார்த்தேன். ஆனால் படம் எடுப்பவர் கேட்டதும் கோப்பையை நெஞ்சுக்கு நேரே பிடித்துச் சிரித்தார். எனக்கு அக்காவின் பத்து நாள் தலைவலி ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கிலீஷ் பேப்பர்க்காரர் நேராகக் கேட்டார்: செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்களை முழுக்குகிறீர்களாமே?

போதகர் சிரித்த முகத்தோடே சொன்னார்: "அது ஒரு நினைவுக் கூட்டம். இறந்தவர்களை மரியாதையோடு நினைத்துக்கொண்டோம். அதனால் இறந்தவர்களுக்கு ஏதாவது நடக்கிறது என்று நாங்கள் போதிப்பதில்லை. நாங்களும் மற்றச் சபைகளைப் போலத்தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நினைத்திருந்தால் அதைக் கழுவியிருக்கலாம். அந்த வேலையில் எனக்குப் பல வருஷப் பழக்கம். "இறந்தவர்களை மரியாதையோடு நினைக்கிறோம்" என்பதோடு நிறுத்தியிருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் இந்த மனிதரின் வாயிலிருந்து வந்ததை இந்த ஜனங்கள் முழுசாகக் கேட்கட்டும் என்று ஒரு வெறி. அக்காவின் பக்கம் பார்க்காமல், ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். இறந்தவர்களுக்கு ஏதாவது நடக்கிறது என்று நாங்கள் போதிப்பதில்லை.

பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. தமிழ்ப் பேப்பர்க்காரர் எழுதிக்கொண்டே, "உங்கள்ல யாராச்சும் ஏதாச்சும் சொல்றீங்களா?" என்றார்.

அக்கா முன்னால் வந்தாள்.

"தம்பி, அவர்கிட்ட கேளு. அன்னைக்குக் கொளத்துல நடந்தது நெசமா இல்லையா?"

கேட்டேன். போதகரின் சிரிப்பு போய்விட்டது. "அது அவரவர் மனதைப் பொறுத்தது என்று சொல்" என்றார். சொன்னேன்.

 அக்காவின் கை புடவை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. ஒன்பது வருஷம் கேட்டு, பதில் கிடைத்து, அந்தப் பதிலை ஊரறிய அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு தமிழ்ப் பேப்பர்க்காரரைப் பார்த்து, மச்சானின் பெயரைச் சொன்னாள்.

உரக்கச் சொன்னாள். பெயர், அவர் அப்பா பெயர், லயத்து எண். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை; அது அவள் சொல்ல வேண்டியது. "இதுதான் எங்க வீட்டுக்காரர் பேரு. சயாம்ல செத்துட்டாரு. அவருக்காக எந் தம்பி முங்குனான். இந்த ஐயாதான் பேரச் சொல்லி முக்குனாரு. மனச மட்டும் வச்சு முங்கல, தண்ணியிலதான் முங்குனாங்க. எழுதிக்கிங்க" என்றாள்.

பின்னால் ஒரு கிழவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பெயர், அதுவும் நாலு பேர் கூடிய இடத்தில், அதுவும் அந்நிய ஆண்கள் முன்னால். என் காது சுட்டது. அதற்குள் செவ்வாய்க்கு மறுநாள் என்று சொன்னவள் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தாள். அவள் புருஷன் பெயர் வெளியே வந்தது. பிறகு இன்னொருத்தி. சாமி படத்தைக் காட்டியவள் அழுதுகொண்டே சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக வந்து, பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்தார்கள். சிலர் கத்தினார்கள், சிலருக்கு உதடு மட்டும் அசைந்தது. தமிழ்ப் பேப்பர்க்காரரின் பென்சில் நின்றுவிட்டது. எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் பெயர்கள். குளத்தில் வந்த அதே சிலிர்ப்பு மறுபடி வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. அதைவிடப் பெரிதாக ஏதோ வந்தது. அங்கிருந்த வெள்ளைக்காரர்கள், போலீஸ், நான், எல்லாருமே அந்தப் பெண்கள் முன்னால் சின்னவர்களாகிப் போனோம் என்றுதான் அதைச் சொல்ல முடிகிறது.

போதகர் கோப்பையை ஜன்னல் மேடையில் வைத்தார். பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சில் உட்கார்ந்தார், முழங்கால் முகவாய்க்கு வந்தது. இங்கிலீஷ் பேப்பர்க்காரரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பெண் சொல்வது உண்மை. நான் முதலில் சொன்னது உண்மை இல்லை." பிறகு என்னைப் பார்த்து, "இதையும் சொல்" என்றார்.

சொன்னேன். அதையும் கழுவவில்லை.

பேப்பரில் வந்தது அவர் கோப்பையோடு சிரிக்கும் படமும், மற்றச் சபைகளைப் போலத்தான் என்ற முதல் பேச்சும். தமிழ்ப் பேப்பரில் அதுவும் வரவில்லை. மாதக் கடைசியில் கூட்டத்துக்கான அனுமதி ரத்தானது. போதகரை மேலிடம் திருப்பி அழைத்துக்கொண்டது. போகும் முன் என்னிடம் கை கொடுத்து, தான் அதை நம்புவதாகவும், பயந்துபோனதாகவும் சொன்னார். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி அன்றே போய்விட்டது. மீதியை இன்னும் வைத்திருக்கிறேன்.

பேப்பர் வந்த அன்று சாயங்காலம் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றையும் மாற்றவில்லை. கேட்டுவிட்டு அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியாமல், "அன்னைக்கு அந்தாளு சொன்னத நான் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கணும்க்கா. உன்னையும் அத்தன பேரு முன்னால பேரச் சொல்ல வச்சிட்டேன்" என்றேன்.

"நீ மாத்திச் சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்லா" என்றாள். முறத்தைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் மச்சானைப் பிடித்துக்கொண்டு போன நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்றுதான் பேசினாள்.

"அவங்கள லோரியில ஏத்துனப்ப நாங்க எல்லாம் பின்னாலயே ஓடுனோம். நானும் ஓடுனேன். 'ஏங்க, ஏங்க'ன்னு கத்துனேன். ஓடுன அத்தன பொம்பளைங்களும் 'ஏங்க, ஏங்க'ன்னுதான் கத்துனாங்க. அதுல எது எங் கொரலுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கமாப் பாத்துக்கிட்டே நின்னாரு, லோரி போயிருச்சு. ஒரே ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா திரும்பிப் பாத்திருப்பாரு தம்பி. வாய் வரல."

முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டேன்ல" என்றாள். "திரும்பியிருப்பாரு."